பதினேழாம் ஓட்டம்

மயிலாப்பூர்,
4 ஜூன் 2025

திரு. அப்துல் கஃபார் அவர்களுக்கு,

நான் எதையும் கொளுத்தவில்லை. என் கணவர் காலமான பிறகு ஆய்வுக்கூடத்துக் காகிதங்களை எல்லாம் மொட்டைமாடியில் போட்டுக் கொளுத்திவிட்டேன் என்று நீங்கள் சொல்லியிருப்பதாக அறிந்தேன். எங்கள் அடுக்ககத்தில் மொட்டைமாடிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. அதை வாங்க நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. வேண்டுமானால் அந்த நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதை என்னிடம் வந்து சொன்னவள் ஷண்முகப்ரியா. நாம் வேலை பார்த்த இடத்தில் இப்போது இன்ஜினியராக இருக்கிறாள். மரியாதையான பெண், ஆனால் நம் தொட்டியைப் பார்த்ததே இல்லை. அதை மூடி மேலே கூரை போட்டு, கம்ப்யூட்டர்களை வைத்துவிட்டார்களாம். எண்பது மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர், மேலே தண்டவாளத்தில் ஓடும் வண்டி, வண்டிக்கு அடியில் இரண்டு மீட்டர் நீளத்தில் மரத்தால் செய்த மாதிரிப் படகு, ஒரு முனையில் அலை எழுப்பும் யந்திரம், படகு எவ்வளவு சாய்கிறது என்று காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே வரும் பேனா என்று எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை ஓட்டியவர் நீங்கள், சுருள்களை அளந்து கணக்குப் போட்டு வரைபடம் வரைந்தவள் நான், எல்லாவற்றுக்கும் தலைவராக இருந்து கையெழுத்துப் போட்டவர் என் கணவர் என்பதையும் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

1992 மார்ச்சில் நாம் சோதனை செய்த பயணிகள் படகு உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது கட்டாமல் கிடப்பில் போட்டார்கள். இப்போது அதே வரைபடத்தைத் தூசி தட்டி எடுத்து, தீவுகளுக்குப் போய்வரப் பன்னிரண்டு படகுகள் கட்டப் போகிறார்கள். ஒரு படகில் தொண்ணூறு பேர் ஏறுவார்கள். ஏற்கெனவே சோதித்த வடிவம் என்பதால் புதுச் சோதனை வேண்டாம் என்கிறார்கள். ஜூலை பதினான்காம் தேதி கமிட்டி கூடி முடிவெடுக்கிறது.

நம் அறிக்கையில், வெவ்வேறு வேகங்களில் வண்டியை ஓட்டிப் பார்த்த பதினாறு ஓட்டங்களின் அளவுகள் இருக்கின்றன. பின்குறிப்பில் ஒரு வரி: பதினேழாம் ஓட்டம், ஓட்டுநர் தவறால் வண்டி குலுங்கியது, கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சுருளைத்தான் ஷண்முகப்ரியா தேடுகிறாள். அது என்னிடம் இருக்கிறது. பழைய காகிதங்களை எடைக்குப் போட்டபோது என் கணவர் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நீங்கள் சொன்னதை எழுத்தில் திரும்பப் பெற்றால் பெட்டியைத் திறக்கிறேன். அதற்கு முன்பு கொடுத்தால், ஒளித்து வைத்திருந்ததை மிரட்டி வாங்கியதுபோல் ஆகிவிடும். என் கணவரின் பெயருக்கு அது நல்லதல்ல.

இப்படிக்கு,
ஹம்சா சந்திரமௌலி


சைதாப்பேட்டை,
11-6-2025

மதிப்புக்குரிய ஹம்சா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ரிஜிஸ்டர் தபால் கிடைத்தது. தபால்காரர் "இன்னா பாய், கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார். அதைவிடப் பெரியது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முப்பத்துமூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறேன், உங்கள் கையெழுத்து இன்னும் அச்சடித்த மாதிரியே இருக்கிறது. என் எழுத்துத்தான் கோணல்மாணலாக வருகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் கொளுத்திவிட்டதாக நான் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்டதற்கு, "இத்தினி வருசம் யாரும்மா வெச்சிக்கினு இருப்பாங்க, கொளுத்தியிருப்பாங்க" என்றேன். மொட்டைமாடியை அவளே சேர்த்திருப்பாள். போகட்டும், திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதோ எழுத்தில் இருக்கிறது. நீங்கள் கொளுத்தவில்லை.

இப்போது என் பக்கம். அந்தப் படகுச் சோதனையின் முதல் வாரத்தில் ஒரு நாள் நான் பிரேக்கைச் சீக்கிரம் அழுத்திவிட்டேன். வண்டி குலுங்கியது. என் தப்பு. அன்றைக்கே சார் முன்னால் போய் நின்று சொன்னேன். சார் திட்டவில்லை, "தண்ணி அடங்கட்டும், திரும்ப ஓட்டு" என்றார். இருபது நிமிஷம் காத்திருந்து திரும்ப ஓட்டினோம். நீங்கள் மட்டும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பர்மா பஜாரில் ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்டவாளத்தின் முதல் பாதிக்கு எவ்வளவு நேரம், இரண்டாம் பாதிக்கு எவ்வளவு நேரம் என்று என் பாக்கெட் டைரியில் எழுதிவைத்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் வண்டி சீராகப் போயிருக்கிறது என்று அர்த்தம். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை.

பதினேழாம் ஓட்டம் சாயங்காலம் நடந்தது. நீங்கள் எல்லாரும் சுருளில்தான் பார்ப்பீர்கள், நான் வண்டி மேல் நின்று கண்ணால் பார்த்தேன். அலை பின்னாலிருந்து வருகிறது, படகு கொஞ்சம் ஆடுகிறது, அடுத்தது இன்னும் கொஞ்சம், அப்புறம் ஊஞ்சலைத் தள்ளிவிட்ட மாதிரி ஏறிக்கொண்டே போய், கடைசியில் படுத்தேவிட்டது. சார் அறையில் டெல்லிக்கு டிரங்க் கால் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் மேஜைக்கு வந்து, "படகு சரியில்லம்மா" என்று சொன்னேன். தலையைத் தூக்காமலே நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "படகு சரியாத்தான் இருக்கு மிஸ்டர் கஃபார். போன வாரமும் சரியாத்தான் இருந்தது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

விசாரணை என்று கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் ஆர்டர் வந்தது. கவனக்குறைவுக்காக வண்டியிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றம். ரிட்டயர் ஆகும்வரை பதின்மூன்று வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் அதற்கப்புறம் நான் ஏறவே இல்லை.

டைரி என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். ஓட்டுநர் தவறு என்று எழுதியது தவறு என்று ஒரு வரி எழுதிக்கொடுங்கள், டைரியைக் கொடுத்துவிடுகிறேன். யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை, கவனிக்கவும்.

அப்துல் கஃபார்


மயிலாப்பூர்,
17 ஜூன் 2025

திரு. கஃபார் அவர்களுக்கு,

திரும்பப் பெற்றதை ஏற்றுக்கொள்கிறேன். நேற்றுக் காலை பெட்டியைத் திறந்தேன். சுருள்கள் வரிசை மாறாமல் இருந்தன. வண்டியின் வேகத்தைப் பதிவு செய்யும் சிறிய சுருள்கள் மட்டும் இல்லை. என் கணவர் அவற்றை எடுத்துவரவில்லையோ, வழியில் போயிற்றோ தெரியவில்லை.

பதினேழாம் சுருளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து நான்கு மூலைக்கும் எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகு ஒரு கண்ணுக்குத்தான் பார்வை தெளிவு. அதனால் ஒவ்வொரு சிகரத்தையும் மூன்று முறை அளந்தேன். அளவுகளை இங்கே தருகிறேன். படகின் சாய்வு, பாகைக் கணக்கில்: மூன்று, ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினேழு, இருபத்துமூன்று. அதற்குமேல் பேனா காகிதத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டது. மேலே அலையின் கோடு சீராக இருக்கிறது. இரண்டு அலைக்கு ஒரு ஆட்டம் என்ற கணக்கில் ஒன்றுகூடத் தவறாமல் போகிறது.

வண்டி குலுங்கியிருந்தால் முதல் ஆட்டம்தான் பெரிதாக இருந்திருக்கும். பிறகு வரவரக் குறைந்திருக்கும். நீங்களே ஒப்புக்கொண்ட முதல் வாரத்து ஓட்டத்தின் சுருளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் அப்படித்தான் இருக்கிறது. இதில் நேர்மாறாக இருக்கிறது. ஆகவே பதினேழாம் ஓட்டத்தில் வண்டி குலுங்கியதாகச் சுருளில் எந்த அடையாளமும் இல்லை. அளந்ததை அளந்தபடி எழுதுகிறேன்.

மற்ற பதினாறு வேகங்களிலும் இந்தப் படகு ஐந்து பாகைக்கு மேல் சாயவில்லை. இந்த ஒரு வேகத்தில் மட்டும் இப்படி. நிஜப் படகின் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன், ஒன்பது நாட், அதாவது மணிக்கு ஒன்பது கடல் மைல் வருகிறது. புதுப் படகுகள் எந்த வேகத்தில் போகும் என்று ஷண்முகப்ரியாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "எட்டரையிலேர்ந்து ஒம்போதரைக்குள்ள மேடம், டீசல் மிச்சமாகும்னு" என்றாள்.

நீங்கள் கேட்ட வரியை எழுத எனக்கு ஒரு தடை இருக்கிறது. அந்த அறிக்கையில் என் கணவரின் கையெழுத்து இருக்கிறது. அவரால் இனிப் பதில் சொல்ல முடியாது. 'இந்த அளவுகளுக்கு வேறு விளக்கமும் இருக்கக்கூடும்' என்று எழுதித் தரத் தயாராக இருக்கிறேன். கமிட்டிக்கு அது போதும் என்று நினைக்கிறேன். டைரியின் அந்தப் பக்கத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினால், பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.

ஹம்சா சந்திரமௌலி


சைதாப்பேட்டை,
23-6-2025

ஹம்சா அம்மா அவர்களுக்கு,

வேறு விளக்கமும் இருக்கக்கூடும். இந்த வரியை என் மகள் உம்மே ஹானிக்குப் படித்துக் காட்டினேன். "அத்தா, இது உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லுதா, இருக்குன்னு சொல்லுதா?" என்று கேட்டாள்.

இருந்தாலும் பெரியவர்கள் நேரில் பேசினால் தீர்ந்துவிடும் என்று நினைத்து, டைரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி ஏறினேன். மணி அடித்தேன். கதவில் இருக்கும் கண்ணாடித் துளை இருட்டாகி, மறுபடி வெளிச்சமானது. நீங்கள் உள்ளே நின்றுகொண்டிருந்தீர்கள். மறுபடி அடித்தேன்.

கீழே வந்தால் வாட்ச்மேன் சொல்கிறான், "அம்மா வூட்லதான் கீறாங்க. ஆனா தொறக்க மாட்டாங்க நைனா. லெட்டர் போட்டுப் பாரு." அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சார் மேல் நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை, அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. நீங்கள்தான் கடிதத்துக்குக் கடிதம் சாரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறீர்கள். விசாரணை அன்றைக்கு அந்தக் குறிப்பை என்னிடம் காட்டினார்கள். அறிக்கையில் டைப் அடித்ததை அல்ல, அதற்கு மூலமாக இருந்த கையெழுத்துக் காகிதத்தை. 17 என்று எழுதியிருந்தது. ஏழின் நடுவில் குறுக்கே ஒரு கோடு. நம் டேங்கில் ஏழுக்குக் கோடு போடுகிறவர் ஒருவர்தான். உங்கள் கான்வென்டில் சொல்லிக்கொடுத்தது என்று நீங்களே எங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். இந்த மாதம் உங்களிடமிருந்து வந்த கவரிலும் என் வீட்டு நம்பரில் அந்தக் கோடு இருக்கிறது.

முப்பத்துமூன்று வருஷமாக இது எனக்குத் தெரியும். வெளியில் சொன்னதில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன்.

டைரி என்னிடமே இருக்கட்டும். அது என் மானத்துக்காக எழுதியது. இனிமேல் எழுத வேண்டாம்.

அப்துல் கஃபார்


மயிலாப்பூர்,
30 ஜூன் 2025

அன்புள்ள கஃபார் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

கதவுக்குப் பின்னால் நான்தான் நின்றேன். கை தாழ்ப்பாளில் இருந்தது. நீங்கள் மெலிந்திருந்தீர்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினீர்கள். திறந்தால் முதலில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. என் வீட்டு வாசலில் வந்து நின்றவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியது இதுவே முதல் தடவை.

அந்தக் குறிப்பை எழுதியவள் நான். உங்கள் கடிதம் வந்து தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும். பெட்டியைத் திறந்த அன்று, அந்தக் காகிதம் சுருளோடு சேர்த்துக் குண்டூசி குத்தி இருந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, உங்களுக்கு அளவுகளை மட்டும் எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்பதையும் சொல்கிறேன். கடைசி ஓட்டம் முடியும்வரை வரைபடத்தைப் பென்சிலில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது நம் தொட்டியின் விதி. அந்த விதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். பதினேழாம் ஓட்டத்துக்கு மறுநாள் அறிக்கை டெல்லிக்குப் போக வேண்டும். பதினாறு புள்ளிகள் இருந்தன. ஒன்பது நாட் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்காகத்தான் பதினேழாவதை ஓட்டச் சொன்னேன், அதுவும் ஒரு ஒழுங்குக்காக. அது எங்கே விழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே கோட்டை மையில் வரைந்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது. அப்போதுதான் நீங்கள் வந்து படகு சரியில்லை என்றீர்கள்.

மை போட்ட தாளில் திருத்தம் செய்ய முடியாது. முழுதாக மறுபடி வரைய வேண்டும். முதல் வாரத்தில் வண்டி குலுங்கியது எனக்குக் கைக்கு அருகில் இருந்தது, அதையே காரணமாக எடுத்துக்கொண்டேன். சுருளை அளந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் அடங்கக் காத்திருந்து திரும்ப ஓட்டச் சொல்லியிருக்கலாம். இருபது நிமிஷம். அதையும் செய்யவில்லை.

என் கணவர் படித்துப் பார்க்கவில்லை. "நீ பாத்துட்டியோன்னோ? அப்ப சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உங்களை மாற்றிய ஆர்டர் வந்த அன்று வீட்டில் என்னைக் கேட்டார், "கஃபார் அப்படிப்பட்டவன் இல்லையே ஹம்சா?" "போன மாசம் என்ன பண்ணினாராம்?" என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருடைய நல்ல பெயரைக் காப்பாற்றுவதாக இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அவரை நிறுத்திக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறேன். நீங்கள் எழுதியிருந்தது சரி.

நீங்கள் கேட்ட வரியை எழுதிவிட்டேன். கமிட்டித் தலைவருக்குச் சனிக்கிழமை பதிவுத் தபாலில் போயிற்று. நகல் இத்துடன் இருக்கிறது. 'ஓட்டுநர் தவறு என்ற குறிப்பு தவறானது. அதை எழுதியவள் நான். தெரிந்துகொள்ள முயலாமல் எழுதினேன்' என்று அதில் இருக்கிறது. உங்கள் முழுப் பெயரையும், அதன் காரணமாக உங்களுக்கு நேர்ந்த மாற்றத்தையும் சேர்த்திருக்கிறேன். சுருளையும் குறிப்பையும் ஷண்முகப்ரியாவிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். இதற்காக நீங்கள் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. டைரி உங்களுடையது.

ஆனால் ஷண்முகப்ரியா சொன்னதை உங்களிடம் மறைக்க எனக்கு உரிமையில்லை. "மேடம், நீங்க தப்புன்னு இப்ப சொன்னாலும், அன்னிக்கு வண்டி சீரா போச்சுங்கறதுக்கு ஆதாரம் வேணும்னு கேப்பாங்க. வேகச் சுருள் இல்ல. வயசானவங்க, ஞாபகப் பிசகுன்னு ஒதுக்கிடுவாங்க" என்றாள். பதினான்காம் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. அவர்கள் ஒதுக்கிவிட்டால் படகுகள் அதே வடிவத்தில் கட்டப்படும், அதே வேகத்தில் போகும், பின்னாலிருந்து அலை வரும் ஒரு நாளும் வரும். அதை நான் சுருளில்தான் பார்த்தேன், நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு நேரில் வருகிறேன், நீங்கள் கதவைத் திறக்காவிட்டாலும் வருகிறேன். அதற்கு முன்னால், 1992 மார்ச்சில் என் மேஜைக்கு எதிரில் நீங்கள் வந்து நின்றபோது நான் தலையைத் தூக்கிக் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்.

பதினேழாம் ஓட்டத்தில் நீங்கள் பிரேக்கைத் தொட்டீர்களா? முதல் பாதிக்கு எத்தனை வினாடி, இரண்டாம் பாதிக்கு எத்தனை வினாடி? வண்டி மேலிருந்து என்ன பார்த்தீர்கள்?

எனக்கோ கமிட்டிக்கோ, யாருக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள். என்னைப் பற்றி எழுத வேண்டியதையும் அதிலேயே எழுதலாம். தயவுசெய்து ஜூலை பத்தாம் தேதிக்குள், தேதியும் கையெழுத்தும் போட்டு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

ஹம்சா